பாட்டி கொண்டு வந்த பொட்டலம்: டிரேட்மார்க் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கோத்தகிரி டஸ்ட்
அரவேணுப் பாட்டி பல வருடங்களாக என்னிடம்தான் தேயிலைத் தூள் வாங்குகிறார். ஒரு நாள் பாதி தீர்ந்த பொட்டலத்தை மேசையில் வைத்து, "தம்பி, இந்தத் தடவை தூள் கசக்கிறதே" என்றார். அது என் பொட்டலமே இல்லை. அதே மஞ்சள், அதே அரக்குக் கரை, கூடை சுமக்கும் அதே பெண். பெயர் மட்டும் வேறு.

டிரேட்மார்க்காக, அதாவது வணிகச் சின்னமாக, நான் பதிந்திருந்தது வெறும் பெயரை. லேபிளையும் வண்ணச் சேர்க்கையையும் தனியாகப் பதியலாம் என்று ஆடிட்டர் அப்போதே சொன்னார். இன்னொரு 4,500 ரூபாயா என்று விட்டுவிட்டேன். பாட்டிக்கோ எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

வர்க்கி வாரிசு
உங்களுக்குப் பெயராவது கிடைத்தது. நான் எங்கள் மொறுமொறு பண்டத்துக்கு 'ஊட்டி வர்க்கி' என்று விண்ணப்பித்தேன். டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபம் வந்தது: ஒன்று ஊர்ப்பெயர், மற்றது பண்டத்தின் பெயர், இதில் உன்னுடையது எது? உள்ளே ஒரு தட்டு வர்க்கி கருகும் வரை அதையே படித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழைய கடன் நோட்டிலிருந்து தாத்தாவின் கையெழுத்தை எடுத்துக் கொடுத்தோம். கையெழுத்தையும் பதியலாம். அவர் இறந்து 20 ஆண்டு ஆகாததால் வாரிசுகளின் ஒப்புதல் கேட்டார்கள். அத்தையைச் சம்மதிக்க வைக்க ஆறு மாதம்!

மூஞ்சிக்கல் சாக்லேட்
எங்கள் கொடைக்கானல் தூண் பாறை வடிவில் சாக்லேட் வார்த்து, அந்த வடிவத்தைப் பதியக் கேட்டேன். மறுத்துவிட்டார்கள். என் கதை அவ்வளவுதான்.

கோத்தகிரி நண்பரே, கை கட்டி உட்கார்ந்தது உங்கள் தவறு. லேபிளைப் பதியாவிட்டாலும், இன்னொருவர் தன் சரக்கை உங்கள் சரக்கு என்று நம்பவைத்து விற்றால் வழக்குப் போட 27ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய பில்கள், அச்சகத்து ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பெயர், எழுத்து, எண், படம், லேபிள், பொட்டலம் எல்லாமே சின்னம்தான். ஒலியைக்கூட 30 விநாடிக்குள் எம்பி3 கோப்பாகக் கொடுத்துப் பதியலாம். வடிவத்தில்தான் வம்பு: பொருளின் தன்மையால் வரும் வடிவம், வேலைக்குத் தேவையான வடிவம், பொருளுக்கே மதிப்பைக் கூட்டும் வடிவம் மூன்றும் ஆகா. விண்ணப்பத்தில் சரக்கின் வகுப்பைக் குறிக்க வேண்டும்; தேயிலைக்கு 30ஆம் வகுப்பு. டிரேட்மார்க் ஜர்னலில் விண்ணப்பம் வெளியானபின், மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவான சின்னம் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) குறியைப் பதிவாகும் முன் போட்டுவிடாதீர்கள்.

வர்க்கிக்காரரே, ஊர்ப்பெயரைத் தனி ஆள் கேட்டால் எப்படித் தருவார்கள்? எங்கள் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது விளைவிப்பவர்கள் எல்லாருக்கும் பொது.

வர்க்கி வாரிசு
தூண் பாறையைக் கேட்டவர் சொல்கிறார்!

கோத்தகிரி டஸ்ட்
நான் வழக்குக்கு வழி கேட்கவில்லை, ஐயா. லேபிளுக்குப் போன மாதம் விண்ணப்பித்துவிட்டேன். பாட்டி இப்போது என் கடையிலேயே பொட்டலத்தை முகர்ந்து பார்த்த பிறகுதான் சுருக்குப் பையைத் திறக்கிறார். அதுதான் உறுத்துகிறது.