ஏழு கணினிகள் காலி, ஒரு நாற்காலிக்கு வரிசை

சைதாப்பேட்டை, பிரவுசிங் சென்டர் நடத்துபவர்:

பஜார் ரோடு பக்கம் ஒரு மாடியில், எட்டுக் கணினிகளை வைத்துக் கடை நடத்துகிறேன். மூலநிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கும் திறமூல மென்பொருளா, ஒரு நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் தனியுரிம மென்பொருளா என்று பேச்செடுத்தாலே எல்லோரும் விலைக்குத்தான் போகிறார்கள். எனக்கு விலை பெரிதாகப் படவில்லை. கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2009-இல் ஏழு கணினிகளை லினக்ஸ் இயங்குதளத்துக்கும் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கும் மாற்றினேன். இரண்டும் திறமூலம். ஒன்றில் மட்டும் விண்டோஸை விட்டுவைத்தேன். காரணம், ஒரு தேர்வு விண்ணப்பத் தளம். விண்டோஸோடு வரும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தவிர வேறெந்த உலாவியிலும் அதன் 'சமர்ப்பி' பொத்தான் அசையாது. கடைசித் தேதியன்று மாலை மாடிப்படி வரை பிள்ளைகள் நின்றார்கள். ஏழு கணினிகள் காலி. ஒரே நாற்காலிக்கு வரிசை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்த ஒரு பெண்ணுக்கு முறை வந்தபோது மணி 5.45. புகைப்படம் ஏறியது. கையெழுத்துப் படம் பாதியில் நின்றது. ஆறு மணிக்குத் தளம் மூடிக்கொண்டது. அந்தப் பெண் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உறையில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, மற்றக் கணினிகள் எல்லாம் சும்மாதானே இருந்தன?"

சும்மாதான் இருந்தன. ஒரே நிறுவனத்தின் உலாவியை மனதில் வைத்துப் பக்கத்தை எழுதியவர் தவறுக்கு அவள் ஒரு வருடத்தைக் கொடுத்தாள். அந்த உலாவியையும் 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

இன்னொன்று கடவுச்சொல். ஒருவர் மின்னஞ்சல் பார்த்துவிட்டு எழுந்து போவார். அடுத்து உட்காருபவர் முதலெழுத்தைத் தட்டினாலே முன்னவரின் முகவரியும் கடவுச்சொல்லும் தாமாக நிரம்பிவிடும். மூடினால் வரலாறு தங்காத தனிப்பட்ட சாளரத்தில் திறக்கச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டினேன், யாரும் படிக்கவில்லை. அதில் திறந்தாலும் தரவிறக்கிய ஆதார் கோப்பு கணினியிலேயே கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 2018-இல், விதிகளை ஒரு கோப்பிலிருந்தே படித்துக்கொள்ளும் ஃபயர்பாக்ஸ் 60 வந்த பிறகு, கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்கவே கூடாது, மூடியதும் வரலாறு அழிய வேண்டும் என்று ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதி ஏழு கணினிகளிலும் நகலெடுத்து வைத்தேன். மொத்தம் பத்து வரிகூட இராது. தரவிறக்கக் கோப்புறையை மட்டும் இன்றும் இரவில் கடை மூடும்போது என் கையால் காலி செய்கிறேன்.

மூலநிரல் திறந்திருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கூகுளின் குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியமும் திறமூலம்தான். வலைப்பக்கத்தைத் திரையில் வரைந்துகாட்டும் அதன் பொறியின் வேரைத் தேடிப் போனால், கேடிஇ என்ற திறமூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கேஹெச்டிஎம்எல் என்ற பழைய பொறி வரை போகும். ஆனால் ஓபரா உலாவி 2013-இலும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி 2020-இலும் தங்கள் சொந்தப் பொறியைக் கைவிட்டுக் குரோமியத்துக்குப் போய்விட்டன. இப்போது 'குரோமில் திறக்கவும்' என்று சொல்லும் தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிப்படி கண்முன் வருகிறது.

திருவல்லிக்கேணி, மெய்ப்புத் திருத்துபவர்:

2008-க்கு முன் தமிழ் வலைப்பதிவு படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கியிருந்தால் ஃபயர்பாக்ஸ் 2-இல் எழுத்துகள் உடைந்து தெரியும். 'கொ' என்பதில் கொம்பு ஓரிடம், ககரம் ஓரிடம், கால் ஓரிடம். ஓரத்தை நேராக்காதீர்கள் என்று பதிவர்கள் ஒருவரையொருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் அது சரியானது.

சரியானதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வழுப்பட்டியல், அதாவது மென்பொருள் பிழைகளைப் பதியும் பட்டியல், எவரும் படிக்கும்படி திறந்து கிடந்தது. இந்திய மொழிக்காரர்கள் படம் எடுத்துப் போட்டு, எங்கே உடைகிறது என்று காட்டியிருந்தார்கள். நாற்பது வருடமாக அச்சுப்பிழை பார்க்கிறேன். பிழையைச் சுட்டிய தாள் எந்த மேசையில் இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடிவது சின்ன விஷயம் அல்ல. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருளில் இதே கொம்புப் பிழையை மூன்று முறை எழுதித் தெரிவித்தேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று மூன்று முறை பதில் வந்தது.

பெரம்பூர், பள்ளி ஆசிரியை:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர் தொடங்கியது, திறமூலம். 2007-இல் மொசில்லா அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்தது. பக்கத்தைத் திறந்து ஹெச் விசையைத் தட்டினால் ஒவ்வொரு தலைப்பாகத் தாவும், கே தட்டினால் இணைப்புகள். எழுதியவர் தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தால் ஹெச் தட்டித் தட்டி விரல் ஓய்வதுதான் மிச்சம்.

சைதாப்பேட்டை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். என்விடிஏவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நிறுவாமலே எந்த விண்டோஸ் கணினியிலும் ஓடும். ஆனால் நான் போகும் கடைகளில் பென் டிரைவ் செருகக் கூடாது என்கிறார்கள். வைரஸ் பயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்களிடம் இன்னும் அந்த ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறதா?

சைதாப்பேட்டை:

இருக்கிறது டீச்சர். நேற்று இரவே அதில் என்விடிஏவை நிறுவிவிட்டேன், பென் டிரைவ் தேவைப்படாது. ஹெட்போன் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நான் வழக்கமாக நிரப்பும் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது கட்டத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. நீங்கள் வரும்போது சொல்லிக் கொடுங்கள். மாடிக்குப் பதினாறு படி, இடப்பக்கம் கைப்பிடி உண்டு. கீழே வந்ததும் ஒரு போன் செய்தால் இறங்கி வருகிறேன்.