கடைசிச் சுற்றில் எந்தக் குவார்ட்டர்பேக்: ஃபீல்ட்ஸா, லாரன்ஸா, டிரேக் மேயா?

கடைசிச்சுற்று (2025 ஆகஸ்ட், கடைசி வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு எங்க ஃபேன்டஸி லீக் (என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரங்களை நாமளே அணியா சேர்த்து, நிஜ ஆட்டத்துல அவங்க ஆடறதுக்குப் புள்ளி போடற விளையாட்டு) டிராஃப்ட், அதாவது சுற்றுச் சுற்றா ஆள் எடுக்கற நாள். 12 அணி, அணிக்கு ஒரே க்யூபி (குவார்ட்டர்பேக், பந்தை வீசற ஆள்). 25 பாஸ் யார்டுக்கு 1 புள்ளி, பாஸ் டச் டவுனுக்கு (எதிரணி எல்லைக்குள்ள பந்தைச் சேர்க்கறது) 4, பத்து ஓட்ட யார்டுக்கு 1, ஓட்ட டச் டவுனுக்கு 6, இன்டர்செப்ஷனுக்கு (வீசின பந்தை எதிரணி பிடிச்சுட்டா) மைனஸ் 2. ஜாஷ் ஆலன், லமார் ஜாக்ஸன், ஜெய்டன் டேனியல்ஸ், ஹர்ட்ஸ் நாலு பேரும் எங்க ஆளுங்க கையில சீக்கிரமே போயிடுவாங்க. அந்த விலைக்கு நான் க்யூபி எடுக்கப் போறதில்லை, அந்தச் சுற்றுகள்ல எனக்கு ரன்னிங் பேக்கும் (பந்தோட ஓடறவர்) ரிசீவரும்தான் (பாஸைப் பிடிக்கறவர்) வேணும்.

கடைசில எனக்கு மிஞ்சும்னு நினைக்கற அஞ்சு பேர்: ஜெட்ஸோட ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், ஜாக்ஸன்வில்லோட ட்ரெவர் லாரன்ஸ், நியூ இங்கிலாந்தோட டிரேக் மே, ராம்ஸோட ஸ்டாஃபோர்ட், இப்போ ரெய்டர்ஸுக்குப் போயிருக்கற ஜீனோ ஸ்மித். பேரை மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க. இந்த வரிசையில இருக்கறவங்களை எதை வெச்சு எடை போடறீங்கன்னு சொல்லுங்க.

நான்காம்டவுன்

ஃபீல்ட்ஸ். வேற பேச்சே இல்ல.

நீங்க குடுத்த புள்ளிக் கணக்கையே பாருங்க. ஒரு ஓட்ட யார்டு இரண்டரை பாஸ் யார்டுக்குச் சமம். ஓட்ட டச் டவுன் ஒன்றரை பாஸ் டச் டவுனுக்குச் சமம். காலால ஓடற க்யூபிக்கு இந்த விளையாட்டுல சலுகை இருக்கு, அதை ஏன் வேண்டாம்னு சொல்லணும்? 2022-ல சிகாகோவுல ஃபீல்ட்ஸ் 15 ஆட்டம் ஆடினார். பாஸ்ல வெறும் 2,242 யார்டு, 17 டச் டவுன், 11 இன்டர்செப்ஷன். பாஸை மட்டும் பார்த்தா பெஞ்சுல உட்கார வைக்க வேண்டிய ஆள். ஆனா காலால 1,143 யார்டு, 8 டச் டவுன். உங்க கணக்குல போட்டா ஆட்டத்துக்கு 19.9 புள்ளி.

அதே வருஷம் ஜீனோ ஸ்மித்துக்கு வாழ்க்கையிலேயே பெரிய சீசன்: 4,282 யார்டு, 30 டச் டவுன், 11 இன்டர்செப்ஷன், ஓட்டத்துல 366 யார்டும் ஒரு டச் டவுனும். ஆட்டத்துக்கு 18.3. ரெண்டாயிரம் யார்டு கூடுதலா வீசியும் ஃபீல்ட்ஸுக்குக் கீழதான். ரெண்டு பேருக்கும் ஃபம்பிள் (பந்தைக் கை நழுவ விடறது) கழிக்கல.

அந்த நவம்பர்ல மயாமிக்கு எதிரா ஃபீல்ட்ஸ் 178 யார்டு ஓடினது ஞாபகம் இருக்கா? வழக்கமான சீசன் ஆட்டத்துல க்யூபி ஒருத்தர் ஓடின அதிகபட்சம் அதுதான். சிகாகோ 35-32-ன்னு தோத்துது. ஃபேன்டஸியில அவரை வெச்சிருந்தவருக்கு 40 புள்ளி.

பாக்கெட்பாஸ்

தம்பி, அந்த 40-ஐச் சொன்ன நீங்கள் அதே ஆண்டின் மூன்றாவது வாரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஹூஸ்டனுக்கு எதிராக 17 வீச்சில் 8 மட்டும் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 106 யார்டு, 2 இன்டர்செப்ஷன், ஓட்டத்தில் 47 யார்டு. உங்கள் கணக்கில் ஐந்து புள்ளிகூட வராது. அந்த ஆட்டத்தில் சிகாகோ ஜெயித்தது.

ஃபம்பிள் கழிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழித்தால் ஃபீல்ட்ஸுக்கும் ஜீனோவுக்கும் உள்ள ஒன்றரைப் புள்ளி இன்னும் குறையும். பந்தை அதிக நேரம் கையில் வைத்திருப்பது ஃபீல்ட்ஸின் வழக்கம், அந்த ஆண்டு 55 முறை சாக் (வீசும் முன்பே எதிரணி வீழ்த்துவது) வாங்கினார்.

அதைவிடப் பெரிய விஷயம், இவருடைய இடம் உறுதியா என்பது. கடந்த ஆண்டு பிட்ஸ்பர்கில் முதல் ஆறு ஆட்டங்களைத் தொடங்கினார். நான்கில் வெற்றி, காலால் 5 டச் டவுன், ஃபேன்டஸிக்கு அருமை. ரஸ்ஸல் வில்சனுக்குக் காயம் ஆறியதும் ஏழாவது வாரம் ஃபீல்ட்ஸ் பெஞ்சுக்குப் போய்விட்டார். ஜெயித்துக்கொண்டிருந்தவருக்கே அந்த நிலை. ஃபேன்டஸிப் புள்ளியைப் பார்த்து எந்தப் பயிற்சியாளரும் அணியைத் தேர்வு செய்வதில்லை.

இந்த மாதமே இன்னொரு சாட்சி கிடைத்திருக்கிறது. ஆந்தனி ரிச்சர்ட்ஸன் கடந்த ஆண்டு 11 ஆட்டத்தில் காலால் 499 யார்டு, 6 டச் டவுன் எடுத்தார். ஆனால் வீச்சில் 47.7 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. இண்டியானாபொலிஸ் இப்போது டேனியல் ஜோன்ஸைத் தொடக்க ஆட்டக்காரராக அறிவித்துவிட்டது. ரிச்சர்ட்ஸனை எடுத்து வைத்திருந்தவர்கள் கையில் என்ன இருக்கிறது?

நான்காம்டவுன்

அண்ணே, பிட்ஸ்பர்கும் நியூயார்க்கும் ஒண்ணு இல்ல. பிட்ஸ்பர்குல அவர் வில்சனுக்கு மாற்றா வந்தவர். ஜெட்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 40 மில்லியன் டாலர் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க, பின்னாடி நிக்கறது டைராட் டெய்லர். ஒஹாயோ ஸ்டேட்ல இவர்கிட்ட பந்து பிடிச்ச கேரட் வில்சனே இங்க முதல் ரிசீவர். டெட்ராய்ட்ல இருந்து வந்த டேனர் எங்ஸ்ட்ராண்ட்தான் தாக்குதலை நடத்தறார்.

அப்புறம், இவர் பத்தாவது வாரம் பெஞ்சுக்குப் போனா எனக்கென்ன நஷ்டம்? கடைசிச் சுற்றுல எடுத்த ஆள். வெய்வர்ல (எந்த ஃபேன்டஸி அணியிலயும் இல்லாதவங்க பட்டியல்) விட்டுட்டு வேற ஆளை எடுப்பேன். 2023-ல ஜோ ஃப்ளாக்கோ நவம்பர் வரைக்கும் எந்த அணியிலயும் இல்ல. கிளீவ்லாண்ட் கூப்பிட்டுது, அஞ்சு ஆட்டத்துல 1,616 யார்டு, 13 டச் டவுன். ஃபேன்டஸி பிளேஆஃப் நேரத்துல அவர் வெய்வர்ல இலவசமாக் கிடைச்சார். க்யூபி எப்பவும் கிடைப்பாங்க. அதனாலதான் உச்சம் பெருசா இருக்கறவரை எடுக்கணும்.

டேம்பாக்காரி

ரெண்டு பேருமே லாரன்ஸை மறந்துட்டீங்க. நான் டேம்பா பே ஆட்டங்களை ஒரு வாரம்கூட விடாம பார்க்கறவ, அதனால சொல்றேன்.

பேக்கர் மேஃபீல்ட் 2023-ல 4,044 யார்டு, 28 டச் டவுன். நல்ல சீசன்தான், ஆனா யாரும் அவரைப் பெரிய ஃபேன்டஸி க்யூபின்னு சொல்லல. 2024-ல லியாம் கோயன் தாக்குதல் பயிற்சியாளரா வந்தார். 4,500 யார்டு, 41 டச் டவுன். ஒரே வருஷத்துல 13 டச் டவுன் கூடுதல். இத்தனைக்கும் கிறிஸ் காட்வின் கணுக்கால் போய் சீசன் பாதிக்கு மேல ஆடவே இல்ல. ரன்னிங் பேக்குக்கும் டைட் எண்டுக்கும் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யறவர்) சின்னச் சின்ன பாஸா குடுத்து, எண்ட் ஸோன் (டச் டவுன் எடுக்கற கடைசிப் பகுதி) பக்கத்துல போனதும் பேக்கரையே வீச வைப்பார். அந்தக் கோயன் இப்போ ஜாக்ஸன்வில்லுக்குத் தலைமைப் பயிற்சியாளர்.

லாரன்ஸ் கடந்த வருஷம் தோள்பட்டைக் காயம், தலையில அடின்னு பத்து ஆட்டத்தோட நின்னுட்டார். அதை மட்டும் வெச்சுத்தான் எல்லாரும் ஒதுக்கறாங்க. 2022-ல அவர் 4,113 யார்டு, 25 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன், காலால 291 யார்டு, 5 டச் டவுன். இந்த லீக் கணக்குல ஆட்டத்துக்கு 18.1. நான்காம்டவுன் தம்பி சொன்ன ஜீனோவுக்குப் பக்கத்துலயே இருக்கு. இப்போ அவருக்கு முதல் வருஷமே 1,282 யார்டு பிடிச்ச பிரையன் தாமஸ் இருக்கார், டிராஃப்ட்ல ரெண்டாவது இடத்துக்கு மேல ஏறிப் போய் எடுத்த டிராவிஸ் ஹன்டர் இருக்கார்.

முதல் வாரம் யாரோட ஆட்டம்னு பாருங்க. சொந்த மைதானத்துல கரோலைனா. கடந்த சீசன்ல கரோலைனா விட்டுக்குடுத்தது 534 புள்ளி. என்எஃப்எல் வரலாற்றுலயே ஒரு சீசன்ல எந்த அணியும் அவ்வளவு குடுத்ததில்ல.

பாக்கெட்பாஸ்

கோயனைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அந்த 534-ஐ அப்படியே இந்த ஆண்டுக்குக் கொண்டுவராதீர்கள். கரோலைனாவின் தடுப்பு வரிசைக்கு நடுவில் நிற்பவர் டெரிக் பிரவுன். கடந்த ஆண்டு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் முழுவதும் வெளியே இருந்தார். இப்போது திரும்பி வருகிறார். அவர் இல்லாததால் எல்லா அணியும் அவர்களை நடுவிலேயே ஓடி மிதித்தன. முன்னிலையில் இருக்கும் அணி நான்காம் குவார்ட்டரில் பந்தை ஓட்டித்தான் நேரத்தைக் கரைக்கும், வீசாது. ஆக, நிறையப் புள்ளி கொடுக்கும் தடுப்பு, எதிரணி க்யூபிக்கு நிறையப் புள்ளி தரும் என்று பொருளில்லை.

என் தேர்வு ஸ்டாஃபோர்ட். பூக்கா நகூவாவோடு இப்போது டவான்டே ஆடம்ஸும் சேர்ந்திருக்கிறார். ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் தாக்குதலில் இப்படி இரண்டு ரிசீவர் அமைந்தால் முப்பது டச் டவுன் எட்டாத கனி அல்ல.

நான்காம்டவுன்

37 வயசு, முதுகுத் தொந்தரவால பயிற்சி முகாமோட பெரும்பகுதி போச்சு, காலால ஒரு புள்ளிகூட வராது. இடம் உறுதியான்னு என்கிட்ட கேட்ட நீங்க, உடம்பு உறுதியான்னு ஏன் கேட்கல? கடந்த வருஷம் அவர் 20 டச் டவுன்தான். பாஸ் டச் டவுனுக்கு 4 புள்ளி குடுக்கற லீக்ல அது 80 புள்ளி, 16 ஆட்டத்துக்கு.

இருக்யூபி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ஆடறது சூப்பர்ஃப்ளெக்ஸ், ஆளுக்கு ரெண்டு க்யூபி. 12 அணின்னா வாரத்துக்கு 24 பேர் களத்துல. எல்லாரும் பை வீக்குக்கு (அணிக்கு ஆட்டமில்லாத ஓய்வு வாரம்) ஒரு மூணாவது ஆள் வெச்சுக்கிட்டா லீக்ல இருக்கற 32 தொடக்க க்யூபியும் போதாது. வெய்வர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அங்க நான் உச்சத்தைப் பார்க்க மாட்டேன், 17 வாரமும் ஆடுவாரான்னுதான் பார்ப்பேன். அதனால இந்த அஞ்சு பேர்ல ஜீனோதான் எனக்கு முதல். ரெய்டர்ஸ் பயிற்சியாளர் பீட் கரோல் தேடிக் கூட்டிட்டு வந்த ஆள், முதல் வருஷமே 112 பந்து பிடிச்ச பிராக் பவர்ஸ் பக்கத்துல இருக்கார்.

2023-ல வாஷிங்டனுக்கு ஆடின சாம் ஹவலை நினைச்சுப் பாருங்க. லீக்லயே அதிகமா 612 பாஸ் வீசினார், 21 இன்டர்செப்ஷன், 65 சாக். பார்க்கவே கஷ்டமான சீசன். ஆனா அணி எப்பவும் பின்தங்கியே இருந்ததால வீசிக்கிட்டே இருந்தாங்க, 3,946 யார்டும் 5 ஓட்ட டச் டவுனும் வந்தது. ரெண்டாவது க்யூபியா வெச்சிருந்தவங்களுக்குச் சோறு போட்டார். ஒற்றை க்யூபி லீக்ல அதே ஹவல் வெய்வர்ல கிடப்பார். கேள்வி கேட்டவரோட லீக் எதுங்கறதுதான் முதல்ல வரணும்.

கடைசிச்சுற்று

இருக்யூபி சொன்னது சரி. எங்களோடது ஒற்றை க்யூபி, அதனால ஜீனோவை விட்டுடறேன். கடந்த வருஷம் அவர் 4,320 யார்டு வீசியும் 21 டச் டவுன், 15 இன்டர்செப்ஷன். அது எனக்குப் பத்தாது.

பாக்கெட்பாஸ் அண்ணே, ஒரு சந்தேகம். எங்க லீக்கை நடத்தற கமிஷனர் பாஸ் டச் டவுனை 6 புள்ளியாக்கலாமான்னு கேட்டுட்டிருக்கார். அப்படி ஆனா?

பாக்கெட்பாஸ்

அப்படியானால் தம்பியின் வாதம் அங்கேயே கரைந்துவிடும். அவர் தந்த 2022 எண்களையே எடுங்கள். ஃபீல்ட்ஸின் 17 டச் டவுனுக்கு 34 புள்ளி கூடும், ஆட்டத்துக்கு 22.1. ஜீனோவின் 30-க்கு 60 கூடும், ஆட்டத்துக்கு 21.9. வித்தியாசம் கால் புள்ளி. ஃபம்பிளைக் கழித்தால் அதுவும் மிஞ்சுமா என்று பாருங்கள். 17 ஆட்டம் ஆடியவரையும் 15 ஆட்டம் ஆடியவரையும் ஒப்பிடுகிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காம்டவுன்

விதி மாறினா நானும் மாறுவேன், அதுல எனக்கு வெட்கமில்ல. ஆனா இன்னிக்கு விதி 4 புள்ளி. மாறாத வரைக்கும் ஃபீல்ட்ஸ்.

ஒண்ணு ஒத்துக்கறேன்: ஜெட்ஸோட முதல் ரெண்டு ஆட்டம் பிட்ஸ்பர்க், பஃபலோ. சுலபமில்ல. ஆனா ஓடற க்யூபிக்கு எதிரணியைப் பார்த்து பயப்பட வேண்டியதில்ல. பாஸ் அடைபட்டா அவர் பாக்கெட்டை (க்யூபியைச் சுற்றித் தடுப்பாளர்கள் அமைக்கற இடம்) விட்டு ஓடுவார், எனக்கு அப்பவும் புள்ளி வரும். ஸ்டாஃபோர்டுக்கு பாஸ் அடைபட்டா சாக் மட்டும்தான்.

டேம்பாக்காரி

அந்த வாதம் உங்க ஃபீல்ட்ஸுக்கு மட்டும் சொந்தமில்ல தம்பி. டிரேக் மே பத்தி யாரும் வாய் திறக்கல. கடந்த வருஷம் நாலே ஆட்டம் ஜெயிச்ச அணியில, 54 தடவை ஓடி 421 யார்டு எடுத்தார். தடவைக்கு ஏழே முக்கால் யார்டு. அதுல பெரும்பாலானது அவருக்காகப் போட்ட ஓட்டத் திட்டம் இல்ல, பாக்கெட் உடைஞ்சு தப்பிச்சு ஓடினது. இப்போ தலைமைப் பயிற்சியாளரா மைக் வ்ரேபல் வந்திருக்கார், தாக்குதல் பயிற்சியாளரா ஜாஷ் மெக்டேனியல்ஸ் திரும்ப வந்திருக்கார், ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்திருக்கார், என்எஃப்எல் டிராஃப்ட்ல நாலாவது ஆளா க்யூபியைக் காக்கற இடது டேக்கிள் வில் கேம்ப்பெல். ஃபீல்ட்ஸ் மாதிரி ஓடவும் செய்வார், அவர் இடத்துக்குப் போட்டி போட அணியில ஆளும் இல்ல. பாக்கெட்பாஸ் அண்ணன் கேட்ட உறுதியும், நீங்க கேட்ட காலும் ஒரே ஆள்கிட்ட இருக்கு.

முதல் நாலு வாரத்தைப் பாருங்க: ரெய்டர்ஸ், மயாமி, பிட்ஸ்பர்க், கரோலைனா. மூணு ஆட்டம் சொந்த மைதானம்.

பாக்கெட்பாஸ்

இதற்கு என்னிடம் பெரிய மறுப்பில்லை. ஒரே தயக்கம், கடந்த ஆண்டு 15 டச் டவுனுக்கு 10 இன்டர்செப்ஷன். மைனஸ் 2 போடும் லீக்கில் அது வலிக்கும். ஸ்டாஃபோர்ட் 8 தான் கொடுத்தார், அதுவும் மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடி.

கடைசிச்சுற்று

முடிவு பண்ணிட்டேன். பத்தாவது சுற்றைத் தாண்டியும் மே இருந்தா அவர்தான். என் பெஞ்சுல ரெண்டு க்யூபிக்கு இடமில்ல, அதனால மேயோ லாரன்ஸோ ஒருத்தரோட நிறுத்திக்கறேன். கோயன் வந்தாலும் கோயனோட தாக்குதல் லாரன்ஸுக்குப் பழகறதுக்கு சில வாரம் ஆகும்னு தோணுது, அதுக்குள்ள சின்சினாட்டி, ஹூஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோன்னு வரிசையா வருது. மயாமிக்குப் பதிலா வேற யாராவது இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், இருந்தாலும் மேயோட வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு.

ஃபீல்ட்ஸை எடுக்காததுக்குக் காரணம் ஏழாவது வாரம்தான். எங்க லீக்ல வெய்வர்ல யார் முதல்ல எடுக்கறதுங்கற வரிசை போன வருஷ முடிவை வெச்சு அமையுது, அந்த வரிசையில நான் கடைசி இடம். அவர் பெஞ்சுக்குப் போற செவ்வாய்க்கிழமை நல்ல ஆள் என் கைக்கு வரவே மாட்டார்.

நான்காம்டவுன்

வெய்வர் வரிசையில கடைசி இடம்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் மேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அடுத்த சுற்றுல ஃபீல்ட்ஸ் அப்பவும் மிச்சம் இருந்தா கிக்கரை விட்டுட்டு அவரை எடுங்க. கிக்கரை முதல் ஆட்டத்துக்கு முன்னாடி எப்ப வேணா எடுத்துக்கலாம்.