‘ரீசீட்’ செய்வதைத் தமிழில் என்னவென்பது?

நண்பர்களே,
பழைய வீட்டுக் கணினிகளில் கூடுதல் வசதிக்காகச் செருகும் விரிவாக்க அட்டைகளைப் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். அட்டை, அது செருகும் செருகுவாய், இணைப்பி என்று மற்றவற்றுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘ரீசீட்’தான் இடிக்கிறது. அட்டையைக் கழற்றி, அதே இடத்தில் திரும்ப அழுத்தி வைப்பது. 1977இல் வந்த ஆப்பிள் 2இல் எட்டுச் செருகுவாய்கள். வட்டு இயக்கியின் அட்டை வழக்கமாக 6ஆம் எண்ணில் இருக்கும். வட்டு படிக்கவில்லை என்றால் முதல் வைத்தியம் இதுதான். பட்டியல் தலைப்புக்கு ஒரே சொல் வேண்டும். ‘மீளமர்த்தல்’ சரியா?

---

ஐயா, அமர் தன்வினை, அமர்த்து பிறவினை, இலக்கணத்தில் பழுதில்லை. ஆனால் விளக்கை ‘அமர்த்து’ என்றால் அணை என்று பொருள்கொள்வோர் உண்டு. என் மாணவன் ‘மீள மருத்தல்’ என்று படித்துவிட்டு, என்ன மருந்து என்றான். ‘மறுசெருகல்’ என்று வையுங்கள்.

---

> அணை என்று பொருள்

அப்படிப் புரிந்துகொண்டாலும் நல்லதுதான். மின்சாரத்தை நிறுத்தாமல் அட்டையைப் பிடுங்கிச் சில்லைக் கருக்கியவன் நான்.

---

செருகல் என்றதும் இடைச்செருகல்தான் நினைவுக்கு வருகிறது. ஏடு பார்த்தவர்களுக்கு அது வசவு. மயங்குகிறவனுக்குக் கண்ணும் செருகும். ‘மறு’வோ களங்கம். தவிர, செருகு என்பதே செறி என்பதிலிருந்து பிறந்தது என்பது என் கருத்து. செறி, செறிவு, செருகு...

---

ரகரமும் றகரமும் எப்போது ஒன்றாயின?

---

அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. வியாழன் நெருங்குகிறது.

---

பட்டறைக்காரன் பேசுகிறேன். நாங்கள் ‘கழட்டி மாட்டு’ என்போம். அட்டையின் கீழ்விளிம்பில் பக்கத்துக்கு 25 ஆக 50 தொடுபட்டைகள். செருகுவாய்க்குள் வில்போல் வளைந்த தகடுகள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் நடுவே அழுக்குப் படலம் படியும். இழுக்கும்போதும் அழுத்தும்போதும் தகடு பட்டையை உரசி அதைச் சுரண்டிவிடும். குணமாவது அந்த உரசலால்தான். உங்கள் ‘அமர்த்த’லில் அது எங்கே? சாக்கெட்டில் நிற்கும் சில்லுகளும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, மெல்ல மேலே கிளம்பும். கட்டைவிரலால் அமுக்கினால் ‘க்ரக்’கென்று இறங்கும். அதையும் ஆங்கிலத்தில் ‘ரீசீட்’ என்றே சொல்கிறார்கள். கையேட்டில் இதையும் போடுங்கள்: ரப்பரால் தேய்த்தால் தங்கப்பூச்சு தேயும்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

---

அப்படியானால் ‘உரசமர்த்தல்’!

---

வேண்டாம் ஐயா, கும்பிடுகிறேன்.

---

‘கழட்டி மாட்டு’ கொச்சை. ‘கழற்றிச் செருகல்’ என்றால் எழுத்துநடைக்கும் வரும், பட்டறைக்கும் புரியும்.

---

வினையெச்சத் தொடர் கலைச்சொல் ஆகாது.

---

‘வெட்டி ஒட்டு’ எப்படி ஆனது? தினமும் நீங்களே செய்கிறீர்கள்.

---

வியாழன், இரவு 11 மணி. நால்வர் ‘கழற்றிச் செருகல்’ என்றீர்கள், இருவர் ‘மறுசெருகல்’, பட்டறை நண்பர் இன்னும் ‘மாட்டு’விலேயே நிற்கிறார். தலைப்பில் முதலாவதை வைத்து அனுப்பிவிட்டேன். சில்லுகளுக்கு மட்டும் ‘அமுக்கிவிடவும்’. எல்லோருக்கும் நன்றி.

---

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். அந்தச் செருகலை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். ரகர றகரம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.