லாங்கோலன் கால்வாயில் நாமே ஓட்டும் படகு: முதல் நாள் எதைக் கவனிப்பது?

புதுப்பயணி:
ஜூன் கடைசியில் ஒரு வாரத்துக்கு 57 அடி நேரோபோட் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) ஒன்று பதிவு செய்திருக்கிறோம். எல்ஸ்மியரில் ஏறி, லாங்கோலன் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பெரியவர்கள் மூவர், எட்டு வயதுப் பையன் ஒருவன். யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. பிரிட்டனில் இதற்கு உரிமம் வேண்டாம் என்பது சரிதானா? படகைக் கையில் வாங்கும்போது என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? லாக்கை (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சுக்கான்:
விடுமுறைக்கு வாடகைப் படகு ஓட்ட உரிமம் வேண்டாம். அதனால்தான் ஒப்படைக்கும்போது அவர்கள் காட்டிக்கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் முக்கியம். பெட்டிகளை அப்புறம் அடுக்கலாம், மூன்று பேரும் கூடவே நின்று பாருங்கள்.

ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே, அதில் சிக்கியதை எடுப்பதற்காக இருக்கும் வீட் ஹாட்ச் மூடியை உங்கள் கையாலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். செடியோ பிளாஸ்டிக் பையோ சுற்றிக்கொண்டால் படகு திணறும், புகை கூடும். முதலில் சில நொடி ரிவர்ஸ் கொடுங்கள், பாதி நேரம் அதிலேயே உதிர்ந்துவிடும். போகவில்லை என்றால் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். மூடியைத் திரும்பப் போடும்போது திருகு நன்றாக இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். தளர்வாக விட்டு இன்ஜினை ஓட்டினால் ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே கொட்டும், படகு மூழ்கிவிடும்.

காலையில் ஆயில் அளவு. மாலையில் நிறுத்தியதும், ஸ்டெர்ன் கிளாண்டின் (ப்ரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) கிரீஸ் கைப்பிடியை இறுக்கம் தெரியும்வரை திருகுங்கள் (சில படகுகளில் இது இருக்காது). தண்ணீர்த் தொட்டியைத் தினமும் நிரப்புவது நல்லது.

டில்லரை (சுக்கானைத் திருப்பும் நீளக் கைப்பிடி) இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். அது பழகிவிடும். பழக நேரமாவது வேறு இரண்டு: படகு நடுவை அச்சாக வைத்துச் சுழல்வதால் பின்புறம் எதிர்ப்பக்கம் வீசும். நியூட்ரலில் வைத்தால் சுக்கான் மேல் தண்ணீர் பாயாது, திசை கையை விட்டுப் போய்விடும். எதிரே படகு வந்தால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

மதகடி:
லாக் பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். எல்ஸ்மியருக்கும் லாங்கோலனுக்கும் இடையே நியூ மார்ட்டன் லாக்குகள் இரண்டுதான். போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம்.

ஏறும்போது மதகை (லாக்குக்குள் தண்ணீர் விடும் சிறு அடைப்பு) விண்ட்லாஸ் கைப்பிடியால் சுற்றிப் பாதி திறந்து, படகு நிலைத்த பிறகு மீதியைத் திறங்கள். முன்மூக்கு கதவில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். மேல் கதவுக்கு அடியில் 'சில்' என்ற கல்மேடை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வடியும்போது படகின் பின்புறம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகு கவிழும். லாக் ஓரத்தில் வெள்ளைக் குறி இருக்கும், பின்புறம் அதற்கு முன்னாலேயே நிற்கட்டும். இறங்கும்போது கயிற்றைக் கட்டவே கட்டாதீர்கள், சும்மா பிடித்திருந்தால் போதும். எது மாட்டினாலும் முதல் வேலை, திறந்த மதகுகளை மூடுவது.

விண்ட்லாஸ் கைப்பிடியை மதகின் சுழல்தண்டிலேயே விட்டு நகரக் கூடாது. தண்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கி நழுவினால் அந்தக் கைப்பிடி சுற்றிப் பறந்து கையை உடைக்கும்.

சுக்கான்:
நேரக் கணக்குக்கு: மைல்களோடு லாக்குகளைக் கூட்டி 3-ஆல் வகுத்தால் மணி வரும். எல்ஸ்மியரிலிருந்து ஏறக்குறைய 20 மைல், 2 லாக், ஆக 7 மணி நேரத்துக்கு மேல். ஆனால் இந்தக் கால்வாயில் லாங்கோலனுக்கு மேலே ஆற்றில் இருக்கும் ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் தடுப்பணையிலிருந்து தண்ணீர் ஓடி வருகிறது, போகும்போது நீங்கள் எதிரோட்டத்தில். சர்க் சுரங்கத்தில் (421 மீட்டர், ஒரு படகு அகலம்) அது நன்றாகவே உறைக்கும். எதிரே விளக்குத் தெரிந்தால் வெளியே காத்திருங்கள். 10 மணி நேரம் வைத்து, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆழமில்லாத இடத்தில் த்ராட்டிலைக் கூட்டினால் பின்புறம் தாழ்ந்து தரையைத் தேடும், படகு இன்னும் மெதுவாகும். கரையில் அலை உடைவது தெரிந்தால் குறைத்துவிடுங்கள். கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது ஐடிலில் போங்கள், இல்லாவிட்டால் கயிறு கட்டக் கரையில் அடித்த அவர்களுடைய முளைகள் பிடுங்கிக்கொள்ளும்.

ட்ரெவரிலிருந்து லாங்கோலன் வரை பாறையைக் குடைந்த குறுகல்கள் உண்டு. ஒருவரை போனோடு முன்னால் நடக்கவிட்டு, வழி காலி என்று கேட்ட பிறகே நுழையுங்கள்.

புதுப்பயணி:
நன்றி. கால்வாயையே சுமந்து செல்லும் பொன்ட்கசுல்தெ பாலத்தில் பையனை வெளியே நிற்க வைக்கலாமா?

மதகடி:
வேண்டாம். 1805-இல் திறந்த இரும்புத் தொட்டி அது, 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம். நடைபாதைப் பக்கம் கைப்பிடிக் கம்பி உண்டு. எதிர்ப்பக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், அதற்கப்பால் நேரே பள்ளம். பையன் உள்ளே ஜன்னலருகே உட்காரட்டும், காட்சி அங்கிருந்தும் முழுசாகத் தெரியும். இல்லையென்றால் ட்ரெவர் முனையில் கட்டிவிட்டுக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள். அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்று இப்போதே படகுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.