அசெட்டுக்கு "சொத்து" வேண்டாம், "உடன்கோப்பு" சரிப்படுமா பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்.

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல வர்ற அசெட்ங்கிற (asset) சொல்லுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்னு கேட்டு இந்த இழை ஆரம்பிச்சதுல இருந்து ஓரமா நின்னு படிச்சிட்டுதான் இருந்தேன், வாயத் தொறக்கல. ஆனா நேத்து ராத்திரி ஃப்ளட்டர்ங்கிற ஆப் செய்யற கருவியோட கையேட்டத் தமிழ்ல எழுதிட்டு வர்றப்போ "உங்கள் சொத்துகளை எங்கே வைப்பது" அப்படின்னு நானே ஒரு தலைப்பு டைப் பண்ணிட்டேன், திரும்பிப் படிச்சா பத்திரப் பதிவு ஆபீஸ் வாசல்ல உக்காந்து எழுதின மாதிரி இருக்கு. அடுத்த வரி அதைவிட மோசம், "சொத்து கிடைக்கவில்லை என்று பிழை வந்தால்". பங்காளிங்க வந்து நிக்கப் போறாங்க.

சொத்துங்கிற சொல் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. ஐந்தொகையில சொத்து, பொறுப்புன்னு எழுதுற இடத்துல அது கச்சிதம். ஆனா ஒரு ப்ராஜெக்ட்ல அசெட்னு நாம சொல்றது என்ன? லோகோ, ஐகான், ஃபான்ட், பட்டன் அமுக்கினா வர்ற டிங் சத்தம், தகவல் அடுக்கி வெச்ச ஒரு ஜேசான் ஃபைல். நாம எழுதின கோடு கிடையாது, ஆனா அது கூடப் போகலன்னா கோடு போய் ஒரு பிரயோசனமும் இல்ல. மதிப்புங்கிற அர்த்தம் இங்க முக்கியமே இல்ல, கூடப் போறதுதான் முக்கியம். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன், அதையும் சொல்லிடறேன்.

போன வருஷம் ஒரு சின்ன திருக்குறள் ஆப் பண்ணினேன், வீட்டு மேக்ல. குறள் எல்லாம் ஒரே ஜேசான் ஃபைல்ல, 1330ம். ஆப்ல என்னென்ன அசெட் சேரணும்னு பட்டியல் போடற பப்ஸ்பெக் யாமல் ஃபைல்ல அந்தப் பேரை எழுதறப்போ முதல் எழுத்தப் பெரிய எழுத்தாப் போட்டுட்டேன், ஃபோல்டர்ல இருந்த ஃபைலுக்குச் சின்ன எழுத்து. மேக்ல அந்த வித்தியாசத்தக் கண்டுக்காது, பில்ட் (எல்லாத்தையும் சேத்து ஆப்பாக் கட்டற வேலை) ஓடிடுச்சு, ஆப் ஓடிடுச்சு, நானும் சந்தோஷமா கிட்ல (கோடோட மாற்றங்களப் பதிவு வெக்கிற கருவி) தள்ளிட்டுத் தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா லினக்ஸ் சர்வர்ல பில்ட் விழுந்து கிடக்கு, அப்படி ஒரு அசெட்டே இல்லைங்குது. சரி ஃபைல் பேரையே மாத்திடுவோம்னு மேக்ல பெரிய எழுத்தா மாத்தினா கிட் அந்த மாற்றத்தப் பாக்கவே இல்ல, ஒண்ணும் மாறலைன்னு சாதிக்குது, ஏன்னா மேக்ல கிட்டோட வழக்கமான செட்டிங்லயே எழுத்தோட பெரிசு சின்னத்தக் கண்டுக்காதேன்னுதான் இருக்கு. கடைசில கிட் மூவ் கட்டளை போட்டுப் பேர் மாத்தினப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. கோட்ல ஒரு வரிகூடத் தப்பில்ல. கூட வரவேண்டியது வண்டில ஏறல, அவ்வளவுதான்.

இந்த இழையில அதிகப் பேர் கை தூக்கினது "வளம்". எனக்கும் முதல்ல அதுதான் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஆண்ட்ராய்டு பக்கம் போய்ப் பாருங்க, அங்க ரிசோர்ஸைச் சுருக்கி ரெஸ்னு ஒரு ஃபோல்டர், அசெட்ஸ்னு ஒரு ஃபோல்டர், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. ரெஸ்ல போடற ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாள எண் உண்டாகி ஆர் கிளாஸ்னு தானா உண்டாகிற பட்டியல் வழியாக் கையில கிடைக்கும், ஃபைல் பேர்ல சின்ன எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேற வரக்கூடாது, உள்ள இஷ்டத்துக்கு சப்ஃபோல்டர் போட முடியாது, ஆனா அதுக்குப் பதிலா மொழிக்கும் திரைக்கும் தகுந்த மாதிரி அதுவே தேர்ந்தெடுத்துக்கும், வேல்யூஸ் ஹைஃபன் டிஏன்னு ஒரு ஃபோல்டர் வெச்சா போன் தமிழ்ல இருக்கிறவங்களுக்குத் தமிழ் வாசகம் தானா வரும். அசெட்ஸ் ஃபோல்டர்ல இந்தச் சலுகையும் இல்ல, அந்தக் கட்டுப்பாடும் இல்ல. எப்படி வெச்சீங்களோ அப்படியே போகும், பாதையச் சொல்லித் திறந்துக்கணும். இப்போ ரிசோர்ஸுக்கு ஏற்கெனவே வளம்னு ஊரெல்லாம் புழங்குது, அசெட்டுக்கும் வளம்னு வெச்சா "வளத்தை வளம் ஃபோல்டரில் வைக்காமல் வளம் ஃபோல்டரில் வைக்கவும்"னு எழுதணும். படிக்கிற பையன் என்னைத் தேடி வந்து அடிப்பான்.

"சரக்கு" யாரோ விளையாட்டாச் சொன்னாங்கன்னு நினைக்கிறேன், ஆனா நாட்டு மருந்துக் கடைப் பேச்சுல பாத்தா அது ரொம்பப் பொருத்தமான சொல்தான், மருந்து செய்யறதுக்கு முன்னாடி கூடையில இருக்கிறதெல்லாம் சரக்கு. என்ன பண்றது, "சரக்கு எங்க வெச்சிருக்க"ன்னு ஆபீஸ்ல கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். "பண்டம்" அழகு, ஆனா தின்பண்டம் ஞாபகம் வருது. "துணைக்கோப்பு" கிட்டத்தட்ட சரி, ஆனா துணைன்னதும் துணைத்தலைவர் மாதிரி ஒரு படி கீழன்னு ஆயிடுது, அதுவும் போக சப்ஃபோல்டரத் துணைக்கோப்புறைன்னு எழுதறவங்க நிறைய, அங்க போய் மோதும்.

அதனால நான் முன்வைக்கிறது: உடன்கோப்பு.

உடன்பிறப்பு, உடன்பாடு மாதிரி உடன் முன்னாடி வருது, கூடவே வர்ற கோப்பு. மூலக்கோப்பு ஒரு பக்கம், உடன்கோப்பு ஒரு பக்கம். நானே எதிர்பார்க்காத ஒரு வசதியும் இதுல கிடைச்சுது, கோப்புறைங்கிறதே கோப்பு கூட்டல் உறைதானே, அப்போ அசெட்ஸ் ஃபோல்டருக்கு உடன்கோப்புறைன்னு சொன்னா போதும், தனியா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். உடன்கோப்புப் பாதை, உடன்கோப்புப் பட்டியல், விடுபட்ட உடன்கோப்பு எல்லாம் இழுத்த இழுப்புக்கு வருது. நேத்து எழுதின பத்தியவே மாத்திப் பாத்தேன்: "உடன்கோப்புறையின் பேரைச் சாய்கோட்டுடன் முடித்தால் அதற்கு நேர் உள்ளே இருக்கும் கோப்புகள் மட்டுமே சேரும், உட்கோப்புறைகளைத் தனித்தனியே பட்டியலில் எழுத வேண்டும்." ஃப்ளட்டர்ல புதுசா வர்றவங்க தடுக்கி விழற இடமே இதுதான், அந்த வாக்கியம் ஒரே மூச்சுல புரியுதா இல்லையா? சொத்து போட்டு இதையே எழுதிப் பாருங்க.

உடன்னா உடனடின்னு எடுத்துக்குவாங்களேன்னு கேப்பீங்க. "உடன் புறப்பட்டு வரவும்" தந்தியோட போச்சு, உடனடிக் காபிய யாரும் உடன்காபின்னு சொல்றதில்ல. மின்னஞ்சல் இணைப்போட குழம்புமான்னா, அதுக்கு இணைப்புன்னே நிலைச்சிடுச்சு, அதைக் கலைக்க முடியாது. சுயவிவரக்கோவைன்னு எழுதற இலங்கை நண்பர்கள் கோப்புக்குப் பதிலா கோவைன்னு வேணும்னா உடன்கோவை ஆகும், அது எனக்கு கோயமுத்தூருக்குத் துணைக்குப் போற ஊர் மாதிரிக் கேக்குது, மன்னிச்சுக்கோங்க.

இப்போ என் சொல்லுக்கு நானே எதிரா நிக்கிறேன், ரெண்டு இடம் இடிக்குது.

முதல்ல வீட், வெப்சைட்டுக்கு பில்ட் பண்ற கருவி. அதுல 4 கேபிக்குள்ள இருக்கிற சின்னப் படத்த இம்போர்ட் பண்ணினா, பில்ட் ஆகறப்போ அதைப் பேஸ் 64 எழுத்தா மாத்திக் கோடுக்குள்ளயே சொருகிடும். கடைசில தனிக் கோப்பே இருக்காது, அப்புறம் என்ன உடன்கோப்பு? இதுக்கு என் பதில், நாம பேர் வைக்கிறது நம்ம ஃபோல்டர்ல இருக்கிற பொருளுக்கு, அங்க அது கோப்புதான். பில்ட் ஆனப்புறம் அது கரைஞ்சா சாம்பார்ல போட்ட பெருங்காயம் மாதிரி, டப்பால இருக்கிறவரைக்கும் அதுக்குத் தனிப் பேர் உண்டு.

ரெண்டாவதுக்குத்தான் என்கிட்ட நல்ல பதில் இல்ல. ரூபி மொழில வெப்சைட் செய்யற ரெயில்ஸ்ல 2011ல 3.1 பதிப்போட அசெட் பைப்லைன் வந்தப்போ ஸ்டைல்ஷீட், ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாத்தையும் அசெட்டுக்குள்ள போட்டாங்க. அது அப்படியே போற ஐட்டம் கிடையாது, சுருக்கி, ஒண்ணாச் சேத்து, பேர்ல ஒரு நீளமான கைரேகைய ஒட்டி அனுப்புவாங்க, உள்ளடக்கம் மாறினா பேரும் மாறும், பிரவுசர் பழசத் தூக்கிப் போட்டுப் புதுச எடுத்துக்கும். அதுகூடப் பரவால்ல, ரூபி நிரலோட உடன் போறதுன்னு சமாளிச்சிடலாம். வெப்பேக்னு இன்னொரு பில்ட் கருவி இருக்கே, அது பில்ட் முடிஞ்சு வெளிய தள்ற எல்லாத்தையும் அசெட்னுது, நாம எழுதின மொத்தக் கோடும் சேர்ந்த பண்டிலையும் சேத்து. ஃபைல் 244 கேபிக்கு மேல போனா அசெட் பெருசாயிடுச்சுன்னு மஞ்சள்ல கத்தும் பாருங்க, அங்க உடன்கோப்புன்னு போட்டா அப்பட்டமான தப்பு, அது எதுக்கும் உடன் இல்ல, அதுவேதான் நிரல். அந்த இடத்துல வெளியீட்டுக்கோப்புன்னு எழுதலாம்னு நினைக்கிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்லயும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னு கட்டாயமான்னு போன தடவை இங்க சண்டை நடந்துச்சு, நான் அப்போ கட்டாயம்னு நின்னவன், இப்போ கட்சி மாறிட்டேன்.

யூனிட்டில கேம் செய்யற ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அங்க அசெட்ஸ் ஃபோல்டர்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல ஒரு மெட்டா ஃபைல் ஒட்டிகிட்டே திரியுமே, அதுக்குள்ள இருக்கிற ஐடிய வெச்சுத்தான் சீன்கள் எல்லாம் அந்த ஃபைலத் தேடும். எக்ஸ்ப்ளோரர்ல போய் ஃபைல மட்டும் நகர்த்திட்டு மெட்டாவ அங்கயே விட்டுட்டா சீனுக்கு அது யாருன்னே தெரியாது. உடன்கோப்புன்னு நான் சொல்றது அந்த மெட்டா ஃபைல்னு யாராவது தப்பா எடுத்துக்குவாங்களோன்னு ஒரு பயம் இருக்கு. அதுக்கு விவரக்கோப்புன்னு போட்டா பிரிஞ்சு நிக்குமா?

இன்னொண்ணு, பைப்லைனுக்கு என்கிட்ட சொல் இல்ல. குழாய்னு எழுதினா லாரித் தண்ணி ஞாபகம் வருது. உடன்கோப்புச் சீர்வரிசைன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க. கையேட்டுல இப்போதைக்குப் பைப்லைன்னே விட்டிருக்கேன், மத்த இடமெல்லாம் உடன்கோப்புன்னு மாத்தியாச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது இதைவிட நல்ல சொல்லோட வந்தீங்கன்னா தேடி மாத்திடறேன், ஒரே கட்டளைதான்.