60 சொன்னால் ஏன் முக்கோணம் வரவில்லை? பைதான் ஆமையோடு நம் கடற்கரை அனுபவங்கள்

மணல்மேடு (தங்கச்சிமடம்):
மூன்று வருடமாக சனி, ஞாயிறு மாலைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் பைதான் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை பத்துப் பன்னிரண்டு பேர், மடிக்கணினி மூன்றுதான். தொடக்கம் எப்போதும் டர்ட்டில், அதாவது திரையில் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்துப் படம் வரைய வைப்பது. பைதானோடு சேர்ந்தே வருகிறது, சொன்னதைச் செய்தால் உடனே கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "ஆமைன்னு சொன்னீங்க அக்கா, அம்புல்ல வருது?" ஷேப் என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் ஆமை உருவம் வரும். அது வந்ததும் ஒரே கூச்சல். பென்அப் சொன்னால் கோடு போடாமல் நகரும், பென்டவுன் சொன்னால் கோடு போடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அண்ணனோடு சும்மா வந்திருந்தான். "தெரியும்க்கா, கரையில ஏறுனா தடம் விழும், தண்ணிக்குள்ள இறங்கிட்டா விழாது" என்றான். முட்டையிட ஏறி வந்த ஆமையின் தடத்தை விடியற்காலையில் பார்த்து வளர்ந்த பிள்ளை. அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

சிக்கல் முக்கோணத்தில் வந்தது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் ஃபார்வர்ட் 100 (நேரே 100 நட), லெஃப்ட் 60 (இடப்பக்கம் 60 பாகை திரும்பு), மூன்று முறை. வந்தது வாய் பிளந்த மட்டி மாதிரி ஒன்று. பாதி அறுகோணம்! வெளிக்கோணம் 180 கழித்தல் 60 என்று பலகையில் எழுதினேன். தலையை ஆட்டினார்கள். புரியவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

சரி என்று எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஒருவன் ஆமை, மற்றவர்கள் கட்டளை போடுகிறவர்கள். பத்து அடி நட, 60 திரும்பு, பத்து அடி நட. "அக்கா, நான் எங்கயோல்ல போறேன்" என்று அவனே நின்றுவிட்டான். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருகிற மாதிரி முக்கோணமாக நீயே நட என்றேன். மூலைக்கு வந்ததும் உடம்பை நன்றாகவே வளைத்துத் திரும்பினான். பலகைக்கு வைத்திருக்கும் பெரிய கோணமானியை மணலில் வைத்து அளந்தோம். கிட்டத்தட்ட 120. "உள்ளுக்குள்ள இருக்குறது 60, நான் திரும்புனது 120" என்று அவன் வாயாலேயே வந்தது. மூன்று மூலையிலும் திரும்பியபின் புறப்பட்டபோது பார்த்த திசையையே பார்த்து நின்றான். ஆக மொத்தம் 360. சதுரமானாலும் ஐங்கோணமானாலும், தன்னையே வெட்டாமல் ஒரு சுற்று சுற்றி வந்தால் அதே 360தான் என்பதை அன்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1967ல் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் இதைத்தான் வலியுறுத்தினார்: குழந்தை தன்னை ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்கட்டும் என்று. லோகோவில் கட்டளைப்படி நகர்ந்ததும் ஓர் ஆமைதான். அந்த ஆமைக்குப் பெயர் வந்தது 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் கிரே வால்டர் செய்த சிறு ரோபோக்களிடமிருந்து. அவை தரை ஆமைகள். நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

கச்சான்காத்து (பாம்பன்):
எங்கள் அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். நான் கல்லூரி விடுமுறையில் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தபோது பின்னால் வந்து நின்றார். தம்பி செட்ஹெடிங் 90 (90 என்ற திசையைப் பார்) என்று அடித்தான். ஆமை மேலே பார்த்தது. "90ன்னா கிழக்குடா. இது வாடைய நோக்கிப் போவுது. இதை நம்பிப் போனா கரை சேர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். படகில் இருக்கும் திசைகாட்டியில் வடக்கு 0, அப்புறம் கடிகாரம் சுற்றும் பக்கமாக கிழக்கு 90, தெற்கு 180. டர்ட்டிலில் கிழக்கு 0, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் வடக்கு 90. கணக்குப் புத்தகத்தில் எக்ஸ் அச்சிலிருந்து கோணம் எடுப்பது மாதிரி. மோட் என்ற கட்டளைக்கு லோகோ என்று கொடுத்தால் அப்பாவின் திசைகாட்டிக்கு மாறிவிடும். நான் மாற்றவில்லை. 90லிருந்து அப்பா சொல்லும் திசையைக் கழித்தால் ஆமைக்கான கோணம் என்று தம்பியையே கண்டுபிடிக்க வைத்தேன். தெற்கு 180 என்றால் மைனஸ் 90 வருகிறது. குறை எண் எதற்கு என்று அவன் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

சோழிப்பெட்டி (ஏர்வாடி):
எல்லோருக்கும் நடக்கும் ஒன்று. கோப்புக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்துச் சேமித்துவிடுவார்கள். பைதான் உண்மையான டர்ட்டிலை விட்டுவிட்டு இந்தக் கோப்பையே திறந்து பார்த்து, ஃபார்வர்டா, அப்படி ஒன்று இல்லையே என்று சண்டை போடும். முதல் தடவை அரை மணி நேரம் போயிற்று எனக்கு. இப்போது முதல் வகுப்பிலேயே, கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். படம் வரைந்ததும் ஜன்னல் மூடிக்கொள்கிறதே என்று கேட்டால், கடைசி வரியில் டன் (done) என்ற கட்டளையைச் சேர்க்கச் சொல்கிறேன்.

கணக்குடீச்சர் (கீழக்கரை):
ஐந்து முனை நட்சத்திரம் வரையச் சொன்னேன். ஒவ்வொரு முனையிலும் திரும்ப வேண்டிய கோணம் 144 என்று நான் சொல்லவில்லை, தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். ஒரு பிள்ளை 140 போட்டு, அது மூடுகிறவரை ஓடவிட்டாள். 18 முனையோடு ஒரு பூ மாதிரி வந்தது. ஐந்து முனை வேண்டுமென்று யாருக்கும் நினைவில்லை, எல்லோரும் அவள் மேசைக்குப் போய்விட்டார்கள். ஏன் 18?

இரண்டு நாள் விட்டுவைத்தேன். 140க்கும் 360க்கும் மீப்பெரு பொது வகுத்தி 20. 360ஐ 20ஆல் வகுத்தால் 18. 144க்கு 72, அதனால் ஐந்து முனை. 100 போட்டாலும் 18 முனைதான் வருகிறது, ஆனால் வேறு பூ. 7 போட்டால் 360 தடவை திரும்பித்தான் மூடுகிறது. மீப்பெரு பொது வகுத்தியை இருபது வருடமாக நடத்துகிறேன். "டீச்சர், இன்னொரு எண் குடுங்க" என்று யாரும் அதற்காகக் கேட்டதில்லை.

அலைவாய் (மண்டபம்):
எங்கள் வகுப்பில் ஒருவன் பழைய பாம்பன் பாலத்தையும் புதியதையும் திறந்து மூடுகிற மாதிரி வரைந்தான். 1914 பாலத்தின் இரண்டு இறக்கைகளும் சாய்ந்து எழும்பின, அதற்குக் கோணத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். 2025ல் திறந்த பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்தவாக்கிலேயே மேலே போகிறது. அதற்கு ஒய் மதிப்பை, அதாவது உயரத்தை, கூட்டினால் போதும். "புதுப் பாலம் ஈசி சார்" என்றான். கட்டியவர்கள் கேட்டால் அழுவார்கள்.

பெற்றோர் ஒருவர் (ராமநாதபுரம்):
தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் இருக்கிறது, மதிப்பெண் வருகிறது, சரி. இந்த ஆமை விளையாட்டு பரிட்சையில் வருமா?

மணல்மேடு:
வராது அண்ணா. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் ஃபார் லூப்பும் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) ஃபங்ஷனும் (சில கட்டளைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைப்பது) வரும். நாலு பக்கத்துக்கு எட்டு வரி அடித்துக் கை வலித்த பிள்ளைக்கு லூப் எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே சதுரம் என்று பெயர் வைக்கலாம், உள்ளே நீளம் என்று மாறியும் வைக்கலாம். பைதான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலப் பிழைச் செய்தியைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய தைரியம்.

சோழிப்பெட்டி:
சிக்குக் கோலம் யாராவது முயன்றீர்களா? சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி கோலங்களுக்கு இலக்கணம் எழுதி ஆய்வே செய்திருக்கிறார். என் மாணவி ஒருத்தி பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரைந்தாள். பாட்டி புள்ளியை எண்ணவில்லை, "வளை, நேரா போ, வளை" என்றுதான் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியே அடித்தால் போதுமாக இருந்தது.

மணல்மேடு:
எங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறேன், பாட்டிகள் நிறைய இருக்கிறார்கள்.

நேற்று ஒருவன் திரையின் ஓரமாகத் தொடங்கி 18 முனைப் பூவைப் போட்டு முடித்துவிட்டு, பென்அப் மறந்து ஹோம் என்று அடித்தான். ஆமை நடு மையத்துக்குப் போனபோது பூவுக்குள் நேராக ஒரு கோடு. அந்தப் பழைய பொடியன் இப்போது வகுப்பில் சேர்ந்துவிட்டான். பின்னாலிருந்து அவன் குரல்: "டேய், தண்ணியில இறக்காம தரையிலயே இழுத்துட்டு வந்துட்டியேடா."