சளியில ஆரம்பிச்சு பேதி வரைக்கும்: உங்க பிள்ளைங்களுக்கும் அடினோவைரஸ் வந்துச்சா?

தண்டையார்பேட்டை அம்மா:
பையனுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியல. முதல்ல வெறும் சளி, இருமல்தான். அப்புறம் காய்ச்சல் 103க்கு ஏறுச்சு. பாராசிட்டமால் கொடுத்தா இறங்கும், திரும்பவும் கொதிக்கும். கண்ணு ரெண்டும் சிவந்து பீளை தள்ளவும், மெட்ராஸ் ஐ-னு சொட்டு மருந்து வாங்கக் கிளம்பிட்டாரு வீட்டுக்காரரு. டாக்டர் தொண்டையைப் பாத்துட்டு, காய்ச்சல், தொண்டைப் புண், கண் சிவப்பு மூணும் சேந்து வந்தா அடினோவா இருக்கலாம்னாரு. அஞ்சு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாததால, இதயத்து ரத்தக்குழாயைத் தாக்குற கவாசாகி நோயா இருக்குமோன்னு இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. அந்த ராத்திரி யாரும் தூங்கல. நல்லவேளை, அது இல்ல. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேக்காதுன்னு எழுதவும் இல்ல. "ஊசி கூடப் போடலியா, என்னா டாக்டரு?"னு கீழ்வீட்டு அக்காவுக்கு இன்னும் ஆறல.

காசிமேடு ஆயா:
எங்க பேத்திக்கு சளியே கெடயாது. நேரா வாந்தி, அப்புறம் தண்ணியா பேதி. பல்லு மொளைக்குது, ஏதாச்சும் தொண்டையில சிக்கி தொக்கம் விழுந்திருக்கும், எடுத்தா சரியாப்பூடும்னு தெருவே சொல்லுச்சு. என் பொண்ணு கேக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனா. பேதிக்கான ரோட்டா வைரஸ் தடுப்பு சொட்டு போட்டாச்சேன்னு கேட்டதுக்கு, அது வேற வைரஸு, அடினோவுல 40, 41ன்ற வகைங்க குடலைத்தான் புடிக்கும், கொஞ்ச நாள் இழுக்கும்னாங்க. ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணில கரைக்கணும், பவுடரை டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக் கலக்கக் கூடாதாம். பேதி நின்னாலும் ஜிங்க் 14 நாள் கொடுக்கணும். மூத்திரம் போவுதான்னு பாத்துக்கினே இருங்க.

வியாசர்பாடி அப்பா:
சானிடைசரை நம்பாதீங்க. இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை இல்ல, ஆல்கஹால் சரியா வேலை செய்யாது. சோப்புதான். குணமான பிறகும் மலத்துல வாரக்கணக்குல வைரஸ் வரும். எங்க லைன் வீட்ல எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ். லாரி வராத அன்னிக்கு கை கழுவுன்னு சொல்றது சுலபம், தண்ணிக்கு எங்க போறது? கை கழுவவே தனியா ஒரு குடம் எடுத்து வெச்சோம். கக்கூஸைப் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சோம்.

தண்டையார்பேட்டை அம்மா:
பால்வாடிக்கு எப்ப அனுப்புனீங்க?

வியாசர்பாடி அப்பா:
காய்ச்சலும் பேதியும் நின்ன பிறகுதான். டீச்சர்கிட்டயும் சொல்லிட்டோம். இன்னொண்ணு, விலா உள்ள இழுத்து மூச்சு வாங்குனா காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, நேரா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.